பெயர் கூப்பிட்ட கணினி

வத்தலக்குண்டில் மைத்துனர் ஆண்டனிராஜ் கட்டிய புது வீட்டை அவ்வூர்ப் பங்குச் சாமியார் ஞாயிறு மதியம் மந்திரித்து ஆசீர்வதிக்கவிருந்தார். அதே மதியம் தொலைக்காட்சியில் உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதி ஆட்டம். புது வீட்டுக்குக் கேபிள் இணைப்பு இன்னும் வரவில்லை. ஆகவே திண்டுக்கல்லை விட்டு ஓரடியும் நகர்வதில்லை என்று இருதயநாதன் தீர்மானித்தார். அதை மனைவி பிரிஸ்கில்லாவிடம் சொல்லும் துணிவு மட்டுமே குறைவாக இருந்தது.

அக்குறையைக் கணினி தீர்த்தது. பங்குக் கோயில் திருவிழா நிகழ்ச்சி நிரலை ஐம்பது படி அச்சடித்துத் தருவதாக அவர் திண்டுக்கல் பங்குச் சாமியாரிடம் ஒப்புக்கொண்டிருந்தார். காலைப் பூசை முடிந்து வந்ததும், பிரிஸ்கில்லா சமையற்கட்டில் இருந்த நேரம் பார்த்துப் பிரிண்டரின் வயரை உருவிவிட்டார். பிறகு கணினியைப் போட்டு, துக்கவீட்டு முகத்தோடு அமர்ந்தார்.

“பிரிஸ்கில்லா, காரியம் கெட்டுச்சு. பிரிண்டர ஓட்ட டிரைவர்னு ஒரு புரோகிராம் வேணும், அது சேர மாட்டேங்குது. அத வரிவரியா நானே எழுதணும். சாயங்காலம் சாமியாருக்குக் குடுத்தாகணும். நீ மட்டும் போயிட்டு வா.”

“அம்புட்டு வேலையாங்க?”

“அம்புட்டும் மூளை வேலை. சொன்னாலும் உனக்குப் புரியாது.”

“ஐயோ பாவம். மோர் கொண்டாரவா?”

மோர் வந்தது. குடிக்கக் குடிக்க அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இருபத்திரண்டு ஆண்டு இல்லறத்தில் இப்படியொரு வெற்றியை அவர் கண்டதில்லை. முதல் ஓவரை எந்த நாற்காலியில் சாய்ந்து பார்ப்பது என்பது வரை முடிவாயிற்று.

டம்ளரை வாங்கிய பிரிஸ்கில்லா நகரவில்லை. அவள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை.

“ஏங்க, இத ஒரு தடவ ஆஃப் பண்ணிப் போடுங்க.”

“எதுக்கு?”

“சும்மா, பாக்கத்தான்.”

போட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. அவள் விரல் வைத்துப் படித்தாள்.

“போன வாரம் நீங்கதான பெருமையடிச்சீங்க? கம்ப்யூட்டர ஓட்டுற இந்த லினக்ஸ்ல கெர்னல்னு ஒண்ணு இருக்கு, போட்டதும் யார் யார் வந்திருக்கான்னு அதுவே பாத்து, அவங்கவங்க டிரைவரையும் அதுவே சேத்துவிட்டுரும், மனுசன் கை வைக்க வேணாம்னு?”

“சொன்னேன்... அது வேற.”

“வேற இல்ல, அட்டெண்டன்ஸ். கீபோர்டு வந்திருக்கு. மவுஸ் வந்திருக்கு. நேத்து இதுல பிரிண்டரும் பேர் சொல்லிச்சு. இன்னைக்கு அந்தப் பிள்ளையக் காணோம். இருபது வருசமா பேர் கூப்பிடுறேன். பிள்ளை தானா வரலையா, வீட்டுல நிறுத்திட்டாங்களான்னு எனக்குத் தெரியாதா?”

மேசைக்குப் பின்னால் குனிந்தாள், வயரைச் செருகினாள். மறுகணம் திரையில் பிரிண்டரின் பெயர் முழுதாக வந்து நின்றது. கெர்னலுக்குக் கணவனுக்காகப் பொய் சொல்லும் பழக்கம் இல்லை. கால் மணி நேரத்தில் ஐம்பது படியும் வெளியே வந்தன.

இருதயநாதனிடம் ஒரே ஆயுதம் மிச்சமிருந்தது.

“தலை சுத்துதுடி. பஸ்ல வந்தா வாந்திதான்.”

“அப்பச் சரி, படுத்துக்கோங்க. போற வழில நானே சாமியார்கிட்டக் குடுத்துர்றேன்.”

கைப்பையோடு அவள் படியிறங்கினாள். வென்றுவிட்டார்! துள்ளியெழுந்து தொலைக்காட்சியைப் போட்டார். திரை முழுக்கப் புள்ளி பறந்தது. பின்னால் தடவிப் பார்த்தார். கேபிள் வயரையே காணவில்லை.

வாசலுக்கு ஓடினார். தெருமுனையில் பிரிஸ்கில்லா நின்றிருந்தாள். கைப்பைக்குள்ளிருந்து கறுப்பு வயரின் நுனி எட்டிப்பார்த்தது. மணமான நாளிலிருந்து முதல்முறையாக, வகுப்புக் குரலில், கணவனைப் பெயர் சொல்லி அழைத்தாள்.

“இருதயநாதன்!”

“உள்ளேன், டீச்சர்” என்றார் அவர், சட்டையை மாட்டிக்கொண்டே.