ஊர்க்கூட்டம் வக்கீல்

திருவண்ணாமலை கோர்ட்டில் ‘எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்றேன்’ என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே வக்கீல் அவர்தான். நாங்களெல்லாம் தெரியாததைத்தான் சத்தமாகச் சொல்வோம்.

ஜவ்வாது மலையில் ஒரு சின்னப் பழங்குடி ஊர் அவருடையது. அங்கிருந்து முதன்முதலாகக் கறுப்புக் கோட்டு போட்டவரே இந்தப் பெண்தான். காட்டைப் பற்றி முடிவெடுக்க வேண்டியது அந்த ஊர்ச் சபைதான் என்று சட்டம் சொல்கிறது. இவரோ உலகத்தில் எந்த முடிவையும் சபைதான் எடுக்கணும் என்பார். அதனால் கோர்ட்டில் அவருக்குப் பெயரே ‘ஊர்க்கூட்டம்’.

என் அறையில்தான் மேஜை போட்டிருந்தார். ஒருநாள் என் தலைக்கு நேர்மேலே புது ஃபேன் மாட்டினேன்.

“யாரைக் கேட்டு மாட்டினீங்க சார்?”

“இன்னாம்மா, என் ரூம்தானே?”

“குமாஸ்தா அண்ணனுக்குக் காத்து வருதான்னு கேட்டீங்களா?”

உடனே கூட்டம். நான், அவர், குமாஸ்தா, டீ கிளாஸ் எடுக்க வந்த டீக்கடைக்காரர். கை தூக்கச் சொன்னார். என் கை மட்டும் தனியாக நின்றது. ஃபேன் குமாஸ்தா பக்கம் போனது. டீக்கடைக்காரருக்கு என் ஃபேனில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு ஒரு வெளியூர்க்காரர், அவர்கள் ஊர்ச் சுனையைச் சுற்றி லாட்ஜ் கட்டக் கிளம்பினார். ஊர் சம்மதம் வாங்க ஓர் அதிகாரி மலையேறினார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

“டைமாச்சு, ஆரம்பிக்கலாமா?” என்றார் அதிகாரி.

“கடுக்கா பொறுக்கப் போனவங்க இன்னும் வரல சார். வந்துடட்டும்” என்றார் நம்ம ஊர்க்கூட்டம்.

அதிகாரி வாட்சைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் ஷூவைக் கழற்றிவிட்டுச் சாமைச் சோறு சாப்பிட்டார். எல்லோரும் வந்து சேர்ந்ததும் ஊர் ஒரே குரலில் லாட்ஜ் வேண்டாம் என்றது. அதிகாரி அதை எழுதிக்கொண்டு இறங்கிப் போனார்.

நம்ம வக்கீல் உற்சாகமாக எழுந்தார். “இனிமே எவனும் வராதபடி கோர்ட்ல ஒரு கேஸ் போட்டுடலாம்.”

ஒரு பெண் குறுக்கே பேசினார். “கேஸு போட்டா நீ கீழயே கெடப்ப. இவன் போனா இன்னொருத்தன் வருவான். வர்றவன்கிட்ட பேச நீ இங்க வேணும். மேல வந்துடு.”

ஊரே தலையாட்டியது. “என் பிராக்டீஸு?” என்றார் இவர். கோர்ட்டில் ஒருநாளும் பார்க்காத ஆவேசத்தோடு வாதாடினார். எல்லாக் கையும் அவருக்கு எதிராகத்தான் எழுந்தது.

இறங்கும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

“ஏம்மா, இதுக்கு அப்பீல் கிடையாதா?”

“ஊரு சொல்லிடுச்சு சார்” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்.

மேஜையைக் காலி செய்துவிட்டு மலையேறிவிட்டார். லாட்ஜ் வரவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்களும் அவர் எதிரில் ஷூவைக் கழற்றி உட்கார்ந்துவிட்டுத்தான் திரும்பினார்களாம்.

போன வாரம் அந்த மலைக்குப் போகும் ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். மேலே எனக்கு ஒரு கேஸும் இல்லை.