கத்தரிக்கோலால் திருத்திய வரைபடம்

பிடிவாதம் பிடித்தவர்களுக்குக் கணினி கற்றுக்கொடுக்கக் கூடாது. சாதாரண ஆள், பிழை வந்தால் ‘போடா’ என்று எழுந்து போய்விடுவான். பிடிவாதக்காரி அப்படிப் போக மாட்டாள். அந்தப் பிழையின் வாயை எப்படியாவது பொத்திவிட்டுத்தான் எழுந்திருப்பாள். பிழை அங்கேயேதான் இருக்கும், சத்தம் மட்டும் வராது. இதை எனக்கு எந்த விரிவுரையாளரும் சொல்லித்தரவில்லை. லிந்துலைப் பக்கம் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையைக் கவனிக்கும் டீமேக்கரின் மேசைக்கு முன்னால் நின்று, என் சொந்த மாமாவின் வேலைக்கு நானே உலை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். ஏதோ வேலைநிறுத்தம் என்று வளாகத்தை மூடியதால், தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன். எங்கள் லயத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். அதனால் என் தலை, மழையில் நனைந்த கொழுந்துக் கூடை மாதிரி கனத்துப்போய் இருந்தது. (இறக்கி வைக்கச் சொல்லத்தான் ஆளில்லை.)

வந்த அன்றே அக்கா வீட்டில் அழுகைச் சத்தம். அக்காவின் கணவர் தங்கராசு மாமாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இரவு வேலை. மேல்மாடியில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுவார்கள். ராத்திரி பத்து மணிவரை சூட்டுக் காற்று. பத்துக்குக் கீழே மணி அடிப்பார்கள், உடனே சூட்டை நிறுத்திவிட்டு வெறும் காற்றை விட வேண்டும். கொஞ்ச நாளாகக் கொழுந்து சரியாக வாடவில்லையாம். மாமா நேரத்துக்கு முன்பே சூட்டை நிறுத்திவிட்டுத் தூங்குகிறார் என்று டீமேக்கருக்குச் சந்தேகம். வருகிற மாதம் அவரை ஸ்டோரிலிருந்து எடுத்து வெளியே தேயிலை மலை வேலைக்குப் போடப்போவதாகச் சொல்லிவிட்டார்.

“மழையில நின்னா இவருக்கு இழுப்பு வந்துரும்னு ஊருக்கே தெரியும்” என்று அக்கா மூக்கைச் சிந்தினாள். “போன வருசம் ஆஸ்பத்திரியில கெடந்தது பத்தாதா? மலைக்கு அனுப்புறதும் ஒண்ணுதான், ஆளயே அனுப்புறதும் ஒண்ணுதான்.”

மாமா பாலில்லாத பிளேன்டீயை ஊதிக்கொண்டிருந்தார். அவர் அப்படித்தான். நியாயம் தன் பக்கம் இருந்தால் வாயே திறக்க மாட்டார், நகரவும் மாட்டார்.

“அழாத அக்கா. நான் கிராப் போட்டு நிரூபிக்கிறேன்” என்றேன்.

“அதெல்லாம் போட்டா கேப்பாங்களா?”

“கிராப்ப எதுத்து யாராலயும் பேச முடியாது.”

(இந்த வசனத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.)

மாடியில் ஒரு வெப்பமானி தொங்கும். அரை மணிக்கு ஒருதரம் அதைப் பார்த்து, நேரத்தையும் சூட்டையும் தாளில் எழுத வேண்டும். பகலில் மணியம் அண்ணன் எழுதுவார், இரவில் மாமா. அந்தத் தாள்களைக் கேட்டு டீமேக்கரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை.

“கொண்டு போங்கோ பிள்ளை” என்று சிரித்தார். “கோடு கீறி முடிச்ச உடன எனக்கும் காட்டுங்கோ.”

அந்தச் சிரிப்பு போதும். எனக்கு வெறியே வந்துவிட்டது.

தலவாக்கலையில் றியாஸ் நானாவின் கடையில் ஒரேயொரு கணினி இருந்தது. போட்டோகொப்பி, கல்யாண அட்டை, விண்ணப்பக் கடிதம் எல்லாவற்றுக்கும் அதுதான். வளாகத்திலிருந்து கொண்டுவந்த குறுந்தட்டைப் போட்டு, எண்களைக் கணக்கிட்டு வரைபடம் போடும் மென்பொருளை அதில் ஏற்றினேன். எண்களை அடித்தேன். கட்டளை கொடுத்தேன். திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் திட்டு விழுந்தது. ஓர் அடைப்புக்குறியை மூட மறந்திருந்தேன். மூடினேன். அடுத்த திட்டு. நேரங்களின் பட்டியலும் சூட்டின் பட்டியலும் ஒரே நீளமில்லையாம். தேடினால் ஒரு தாளில் மணியம் அண்ணன் தேத்தண்ணியை ஊற்றி ஓர் எண்ணை அழித்திருந்தார். மூன்றாவது தடவை கோடு வந்தது. சந்தோஷத்தில் கத்திவிட்டேன்.

“என்னா தங்கச்சி, கரன்ட் அடிச்சிட்டா?” என்று நானா ஓடிவந்தார்.

கரன்ட் அடித்திருந்தாலும் பரவாயில்லை. உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஆறு மணிக்கு என் கோடு முன்னால் போகாமல் பின்னால் திரும்பி, ஒரு கொக்கி போட்டு, மறுபடி முன்னால் போனது. நேரம் எங்கேயாவது பின்னால் போகுமா? மென்பொருளில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். கொக்கி. கணினியை அணைத்துப் போட்டேன். கொக்கி. வைரஸ் என்றேன்.

“மெசின்ல ஒண்டும் பிழை இல்ல” என்றார் நானா மனம் நொந்து. “காலையிலதான் இதுல கல்யாணக் காட் அடிச்சன். ஒரு எழுத்தாச்சும் பின்னுக்குப் போகல்லயே.”

இரண்டு நாள் அந்தக் கொக்கியோடு மல்லுக்கட்டினேன். கொக்கி ஏன் வருகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. என் ஆத்திரமெல்லாம் அதை ஒழிப்பதில்தான். கடைசியில் ஒற்றை வரி எழுதினேன்: முந்தைய புள்ளியைவிட நேரம் குறைந்த புள்ளி எதுவானாலும் அழித்துவிடு. கொக்கிகள் மாயமாகிவிட்டன. உலகத்தையே வென்ற மாதிரி நானாவுக்கும் சேர்த்து பட்டிஸ் வாங்கினேன்.

அதோடு நிறுத்தியிருந்தாலாவது தப்பியிருப்பேன். அலங்காரம் செய்யத் தொடங்கினேன். பகல் கோட்டுக்கு மஞ்சள், இரவுக் கோட்டுக்கு ஊதா. தமிழில் தலைப்புப் போட்டேன், திரையில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. அதோடு அரை நாள் சண்டை போட்டுத் தோற்று ஆங்கிலத்துக்குப் போனேன். பின்னணிக்கு இளம்பச்சை. (“கொழுந்துக் கலர்ல போடுங்க, ஐயாக்குப் புடிக்கும்” என்றது நானா.) கீழே வரிசையாக நின்ற மணி எண்கள் அசிங்கமாகத் தெரிந்ததால் ஆறையும் பன்னிரண்டையும் மட்டும் விட்டு மற்றதைத் தூக்கினேன். மாமா சூட்டை நிறுத்துவதால் ஊதாக் கோடு சரியும் இடத்தை மென்பொருளையே கண்டுபிடிக்க வைத்து, அங்கே ஒரு பெரிய சிவப்பு அம்புக்குறி போட்டேன். அந்த அம்புக்குறியின் தடிப்பை மட்டும் எத்தனை தரம் மாற்றினேன் என்று நானாவைக் கேட்டால் இப்போதும் சொல்வார்.

மறுநாள் காலை, இரவு வேலை முடிந்து வந்த மாமாவைத் தூங்கவும் விடாமல், சாப்பாட்டு டப்பாவும் கையுமாக ஸ்டோர் ஒபிசுக்கு இழுத்துப் போனேன். அக்காவும் பின்னால் வந்தாள். படத்தை மேசையில் விரித்தேன்.

“நல்ல வடிவாய்க் கீறியிருக்கிறீர்” என்றார் டீமேக்கர். எனக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு அவர் கோடு கீறும் அடிமட்டம் ஒன்றை எடுத்தார். என் அம்புக்குறியின் நுனியில் வைத்து நேரே கீழே கோடு பிடித்தார். ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் இடையை அளந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“இது பத்து இல்லைப் பிள்ளை. ஒன்பதரை.”

“இருக்காதுங்க ஐயா.”

“வந்து பாரும். ஒவ்வொரு இரவும் ஒன்பதரைக்கே சூட்டை நிப்பாட்டிப்போட்டுப் படுத்திருக்கிறார் உம்முடைய மாமா. நான் சும்மா சந்தேகப்பட்டனான். நீர் அம்புக்குறியும் போட்டு நிரூபிச்சுப் போட்டீர்.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அந்த இளம்பச்சைப் பின்னணியே பொசுங்கியிருக்கும்.

“காப்பாத்துறேன்னு கூட்டிட்டு வந்து கழுத்த அறுத்துட்டியேடி!”

மாமா முதல்முறையாக வாய் திறந்தார். “மணி அடிச்ச பொறகுதாங்க நிப்பாட்டுனேன். எப்பவும் அப்படித்தான்.”

“தங்கராசு, உமக்கு நேரம் பாக்கத் தெரியுமோ?” டீமேக்கருக்குக் கோபம் வந்துவிட்டது. “இப்ப என்ன நேரம்? சொல்லும் பாப்பம்.”

மாமாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கம்பளிச் சட்டையின் கையை ஏற்றி, கடிகாரத்தை உற்றுப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கணீரென்று சொன்னார்.

“ஒம்பதரைங்க!”

டீமேக்கரின் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரத்தில் சரியாகப் பத்து மணி.

அடப்பாவி மனுசா! எனக்குத் தெரியாத விஷயமா இது? மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் சில வருடங்களுக்கு முன் நாட்டின் கடிகாரத்தை முன்னே தள்ளியது. பிறகு கொஞ்சம் பின்னே இழுத்து, அரை மணி நேரம் முந்தியபடியே விட்டுவைத்தது. நாடு முழுக்கப் ‘பழைய நேரமா, புது நேரமா’ என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. மாமா மட்டும் தன் கடிகாரத்தைத் தொடவே இல்லை. அதை வைத்து அவரை நானே எத்தனை தரம் கிண்டல் செய்திருப்பேன்! மணியம் அண்ணன் பகலில் புது நேரம் எழுதியிருக்கிறார், அவரிடமிருந்து ஆறு மணிக்கு வேலையை ஏற்ற மாமா ஐந்தரை என்று எழுதியிருக்கிறார். கோடு பின்னால் போகாமல் என்ன செய்யும்? இரண்டு நாளாக அந்தக் கொக்கி ‘ஏய், இங்கே பார்’ என்று என்னிடம் கத்தியிருக்கிறது, நான் அதன் வாயைப் பொத்தியிருக்கிறேன்.

“ஐயா, கத்தரிக்கோல் தாங்க” என்றேன்.

“எதுக்கு?”

“தாங்கன்னா தாங்க!” (மன்னிக்கவும், அப்படித்தான் கேட்டேன்.)

அம்புக்குறியோடு சேர்த்து ஊதாக் கோட்டை முழுசாக வெட்டியெடுத்தேன். அரை மணி அளவுக்கு வலப்பக்கம் நகர்த்தினேன். ஒட்டப் பசை இல்லை. மாமாவின் டப்பாவைத் திறந்து, மிஞ்சியிருந்த சோற்றுப் பருக்கைகளை நசுக்கித் தேய்த்து ஒட்டினேன். கோட்டில் கொக்கி எப்படி வந்தது, அதை நான் எப்படி ஒழித்தேன் என்பதையும் மூச்சுவிடாமல் சொன்னேன். டீமேக்கர் மறுபடி அடிமட்டத்தை வைத்தார்.

“பத்து” என்றார். நான் திருப்பிக் கொண்டுவந்திருந்த தாள்களையும் எடுத்து, எல்லா இரவுகளுக்கும் அரை மணியைத் தானே கூட்டிப் பார்த்தார். “எல்லாம் பத்து. சரி, மழைக்காலத்துக் கொழுந்து, ஈரம் கூட, அதுதான் வாடேல்லை. தங்கராசு ஸ்டோரிலயே நிக்கட்டும். ஆனா இனிமேல் புது நேரம்தான் எழுத வேணும்.”

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். மாமா தலையை ஆட்டினார், வேண்டாமென்று!

“அது சரிப்படாதுங்க. இது தாலி கட்டுனப்ப கட்டியிருந்த கடிகாரம். அவங்க கரன்ட்ட மிச்சம் புடிக்கிறதுக்கு நான் ஏங்க என் நேரத்த மாத்தணும்?”

அக்கா அவரை இடித்த இடி எனக்கே வலித்தது. அடுத்த வாரம் மலை யாத்திரை தொடங்கும் நல்லதண்ணிக்குப் போய், யாத்திரைக் காலத்துச் சீசன் கடையில் ஒரு பிளாஸ்டிக் கடிகாரம் வாங்கிவந்து மாமாவின் வலக்கையில் கட்டிவிட்டாள். இடக்கையில் பழைய நேரம், வலக்கையில் புது நேரம். அன்றிலிருந்து ஸ்டோரில் அவருக்கு ‘ரெட்டைக் கடியாரம்’ என்று பெயர்.

நான் இன்றைக்கும் எண்களோடுதான் பிழைக்கிறேன். என்னிடம் யாராவது ‘மென்பொருளில் கோளாறு’ என்று வந்தால், எழுதியவருடைய கடிகாரத்தைத்தான் முதலில் விசாரிக்கிறேன். எங்கள் வீட்டில் ரேடியோ கரகரத்தாலும் போன் வேலை செய்யாவிட்டாலும், “அவகிட்ட குடுங்க, கத்தரிக்கோலும் சோறும் எடுத்து வைங்க” என்பார்கள்.

இரண்டாயிரத்து ஆறில் அரசாங்கம் கடிகாரத்தைப் பழைய நேரத்துக்கே திருப்பியது. அன்று காலையில் கொழும்பில் இருந்த எனக்கு மாமாவிடமிருந்து போன் வந்தது. வாழ்க்கையில் அவராக எடுத்த முதல் போன்.

“புள்ள, நாடே நம்ம வழிக்கு வந்துருச்சு பாத்தியா? அந்தச் சோத்தப் பிரிச்சுக் கோட்ட எடத்துல வச்சுரு. நீ மொதல்ல போட்டதுதான் சரி.”

“அப்படின்னா மணியம் அண்ணனோட கோட்டத்தான் நகத்தணும் மாமா.”

“அத அவன் பாத்துக்குவான்” என்று சொல்லிவிட்டு மாமா போனை வைத்தார்.