செஞ்சிக் கோட்டைக்கு மூன்று காப்பி

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க மொகலாயத் தளபதி ஜுல்பிகார் கானுக்கு எட்டு வருஷம் ஆயிற்று. அவ்வளவு பாடுபட்டுப் பிடித்தபோது மராத்திய ராஜா உள்ளே இல்லை. தப்பிவிட்டார். இந்த மானக்கேட்டைத் துடைப்பது என்று எண்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில் நான் சபதம் செய்தேன். எட்டே வாரம். கோட்டையும் விழும், ராஜாவும் தப்ப மாட்டார். இடம்: ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர், என் வீட்டுச் சாப்பாட்டு மேஜை.

என் பெயர் ராஜாக்கண்ணு. மலைமேல் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். வாணியம்பாடி சத்தார் பாயின் பழைய பேப்பர் கடையில் எப்போதோ வாங்கிய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் படம் பார்த்தேன். கோட்டு போட்ட பெரிய மனிதர்கள் மேஜைமேல் கோட்டை கட்டி, ஈயச் சிப்பாய்களை நிறுத்தி, பழைய யுத்தங்களை மறுபடி நடத்துகிறார்கள். ஈயத்துக்கு நான் எங்கே போக? மொகலாயப் படைக்குப் புளியங்கொட்டை. மராத்தியப் படைக்குக் கொள்ளு. பீரங்கிக்கு மூங்கில் துண்டு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்று மலையும் அசல் ஜவ்வாது செம்மண். ராஜா ஒரு குன்றிமணி, அரண்மனை ஒரு தீப்பெட்டி. வெற்றி தோல்வி தாயக்கட்டையின் கையில்.

எல்லாம் தயார். எதிரிதான் இல்லை. ஹெட்மாஸ்டர் தங்கவேல், "எனக்கு ஸ்கூல்லயே போதுமான அளவு யுத்தம் இருக்கு" என்று விலகிக்கொண்டார். வேறு வழியில்லாமல் என் மனைவி பாஞ்சாலையைக் கூப்பிட்டேன். அவளுக்கு அப்போது ஐந்து மாதம்.

"இன்னாங்க இது? சோறு துன்ற மேஜைல மண்ணு?"

"மண்ணு இல்லம்மா. செஞ்சி."

"அப்ப சோறு?"

"கீழ உக்காந்து சாப்பிடலாம்."

"நான் கீழ உக்காந்தா எழுந்துக்கணுமே. அதுக்கு எந்தப் படை வரும்?"

நான் ராஜகிரியின் மண்ணைத் தட்டிச் சரிசெய்தேன். அவள் மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"மழைக்கு முன்னாடி போளூருக்கு எறங்கிடலாம்னு கேட்டேன். பாக்கலாம்னீங்க. அந்த மியூச்சுவல் டிரான்ஸ்பர் இன்னா ஆச்சி? நம்ம மல ஆளு வேடியப்பன் சாரு, பாவம், போளூர்ல கெடந்துக்கினு எப்படா சொந்த ஊருக்கு வருவோம்னு இருக்காரு. நீங்க ஒரு கையெழுத்து போட்டா அவரு இங்க, நாம அங்க."

"பாக்கலாம்."

நான் ஏன் பாக்கலாம், பாக்கலாம் என்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முந்தின ஐப்பசி. எங்கள் குமரனுக்கு மூன்று வயது. காய்ச்சல். ஐந்து நாளாக மழை, பஸ் இல்லை. நானும் பக்கத்து வீட்டுச் செல்லியின் புருஷனும் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். நாலாவது வளைவில், கூடவே நடந்து வந்த பாஞ்சாலை தூளிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "போதும், எறக்குங்க" என்றாள். அதற்குமேல் நாங்கள் இறங்க வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து நான் மலையை விட்டு இறங்கியதில்லை. அந்த வளைவைத் தாண்ட எனக்குத் தைரியம் கிடையாது. தைரியம் கிடையாது என்று சொல்லவும் தைரியம் கிடையாது. அதனால் மேஜைமேல் கோட்டை கட்டினேன். பாஞ்சாலைதான் இந்த வயிற்றோடு இரண்டு தரம் தனியாகப் பஸ்ஸில் போய் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்தாள்.

"சரி, நான் யாரு இதுல?" என்றாள்.

"நீ உள்ளே. ராஜா கட்சி. நான் முற்றுகை."

"உள்ள இருக்கறவங்களுக்கு இன்னா வேல?"

"காத்திருக்கிறது."

"அது தெரியும், சொல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

விதிகளைச் சொன்னேன். பத்திரிகையில் பாதிதான் இருந்தது, மீதி என் மூளை. முக்கியமான விதி உத்தரவுச் சீட்டு. தினமும் உள்ளே இருப்பவர் தன் திட்டத்தைத் தாளில் எழுதி மடித்துவிட வேண்டும். எதிராளி அதைப் பிரித்துப் படிக்கக் கூடாது. ஆனால் கீழே தெரிகிற விளிம்பில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

"படிக்காமயா கையெழுத்து?"

"படிச்சா ரகசியம் போயிடுமே! கையெழுத்து எதுக்குன்னா, நாளைக்கு நீ சீட்டை மாத்தி வச்சிட்டு 'நான் அப்பவே எழுதினேன்'னு சண்டைக்கு வரக் கூடாது."

"நான் சண்டைக்கே வரமாட்டேங்க" என்றாள் பாஞ்சாலை.

முற்றுகை தொடங்கியது. பள்ளி விட்டு வந்ததும் தாயக்கட்டை உருட்டுவேன். முதல் வாரத்தில் நானூறு புளியங்கொட்டை ராஜகிரி அடிவாரத்தை வளைத்தது. இரண்டாம் வாரம் தண்ணீரை அடைத்தேன். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வெறும் சாமைக் கஞ்சி வந்தது.

"இன்னாம்மா, குழம்பு?"

"பஞ்சம்."

"பஞ்சம் கோட்டைக்குள்ளதான்! நான் வெளியே இருக்கிற ஆளு!"

"வெளிய இருந்தவனும் பட்டினி கெடந்தான்னு நீங்கதான சொன்னீங்க? சரித்திரத்த மாத்தலாமா?"

சரித்திர வாத்தியாரிடம் இதைச் சொன்னால் அவன் என்ன செய்வான்? கஞ்சியைக் குடித்தான்.

ஆவணி நடுவில் ஒரு நாள் அவள் கொண்டுவந்த சீட்டு முழுத்தாளாக இருந்தது. மேலே மடித்து, பின் குத்தி, கீழே இரண்டு விரல்கடை மட்டும் வெளியே விட்டிருந்தாள். ஒன்றல்ல, மூன்று.

"இன்னிக்கு என்ன இவ்வளவு பெரிசா?"

"பெரிய திட்டம்."

"மூணு எதுக்கு?"

"மூணு மலக்கோட்ட இருக்குதே. ஒவ்வொண்ணுக்கும் ஒரு காப்பி வாணாமா?"

அசந்துபோனேன். எவ்வளவு சீக்கிரம் யுத்தத்தைப் பிடித்துக்கொண்டாள்! பேனாவை எடுத்து மூன்றிலும் கையெழுத்துப் போட்டேன்.

"கீழ தேதி போடுங்க. பதவியும் போடுங்க."

"மொகலாயத் தளபதின்னா?"

"அது வாணாம். ஆபீசுக்குப் போடுவீங்களே, அதே மாரி. அப்பதான் நாளைக்கு நீங்க மாத்திப் பேச முடியாது."

'உதவி ஆசிரியர்' என்று அழகாக எழுதினேன். அவள் ஊதி ஊதி மையைக் காயவைத்தாள். மறுநாள் ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு ஏதோ தேன் கொடுத்துவிட்டு வரேன் என்று செல்லியோடு போனாள். நான் கிருஷ்ணகிரி மதிலில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அதன்பிறகு டிரான்ஸ்பர் பேச்சையே அவள் எடுக்கவில்லை. முற்றுகையில் எதிரி வாயடைத்துப்போவது நல்ல அறிகுறி என்று நினைத்தேன்.

புரட்டாசியில் கிருஷ்ணகிரி விழுந்தது. அடுத்து சந்திரகிரி. ஒவ்வொரு முறையும் அவள், "ஐயோ, போச்சே" என்பாள். துளிக்கூட வருத்தம் இல்லாத குரல். வானம் வடகிழக்கில் கறுக்கத் தொடங்கியிருந்தது. வாசலில் நின்று அதைப் பார்ப்பாள், வயிற்றைத் தொட்டுக்கொள்வாள், உள்ளே வந்து தாயக்கட்டையை எடுத்து நீட்டுவாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் கட்டையை வாங்கி வேகமாக உருட்டுவேன்.

எட்டாவது வாரச் சனிக்கிழமை. அரை நாள் பள்ளி. கிளம்பும்போது அவள் சொன்னாள்: "சோறு மூடி வச்சிருக்கேன். வந்ததும் மொதல்ல கோட்டையப் புடிச்சிடுங்க. அப்பறம் துன்னலாம்."

மத்தியானம் ஹெட்மாஸ்டர் ஒரு கவரைக் கொடுத்து, "வூட்ல போய்ப் படிங்க" என்றார். ஏதோ தேர்தல் டூட்டி என்று பையில் போட்டுக்கொண்டேன். வீடு நிசப்தமாக இருந்தது. பாஞ்சாலை பக்கத்தில் செல்லி வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். கடைசி உருட்டல்: பன்னிரண்டு! ராஜகிரிக் கதவு உடைந்தது. புளியங்கொட்டைகள் உள்ளே பாய்ந்தன. அரண்மனையைத் திறந்தேன்.

தீப்பெட்டிக்குள் குன்றிமணி இல்லை. ஒரு சீட்டு இருந்தது. பாஞ்சாலையின் குண்டு எழுத்து.

'நீங்க ஜெயிச்சிட்டீங்க. நான் காலை பஸ்ஸில் போளூர் அண்ணன் வீட்டுக்குப் போறேன். உங்க துணிமணி டிரங்குப் பெட்டியில் இருக்கு. மூணு மணி பஸ்ஸில் வாங்க. நாலாவது வளைவு வரும்போது கண்ணை மூடிக்கோங்க. நான் எப்பவும் அப்படித்தான் போய்ட்டு வர்றேன்.'

அவளுக்குப் பயமே கிடையாது என்று இரண்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். செஞ்சி கொஞ்சம் சேறாயிற்று.

வாசலில் செருமல் சத்தம். ஒரு ஆள் படுக்கைச் சுருட்டோடு நின்றிருந்தார்.

"வணக்கம் சார். நான் வேடியப்பன். ஆர்டர் கெடச்சிருக்குமே?"

பையிலிருந்த கவரைப் பிரித்தேன். மனுதாரர் இருவரின் சொந்த விருப்பத்தின் பேரில், பரஸ்பர மாறுதல். என்னுடைய சொந்த விருப்பம், தேதியோடு, பதவியோடு, ஆவணி நடுவில் கையெழுத்தாகியிருந்தது. மூன்று காப்பி.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்கள பஸ்ல ஏத்தி வுட்டுட்டுதான் சாவி வாங்கணும்னு வூட்டம்மா சொல்லிட்டாங்க."

ஜுல்பிகார் கானின் பெட்டியை வேடியப்பன் தலையில் தூக்கினார். பின்னால் ஜுல்பிகார் கான் ஒரு சோற்றுத் தூக்கோடு நடந்தான். நாலாவது வளைவில் கண்ணை மூடினேன். மூடியும் தெரிந்தது. ஆனால் பஸ் நிற்கவில்லை, இறங்கிக்கொண்டே இருந்தது. அடிவாரத்தில் முதல் மழைத்துளி கண்ணாடியில் விழுந்தது.

போளூர் பஸ் ஸ்டாண்டில் குடையோடு நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் மானம் என்று ஒன்று இருக்கிறதே, தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னேன்:

"என்ன இருந்தாலும் கோட்டையை எட்டே வாரத்தில் பிடிச்சிட்டேன். ராஜா இன்னிக்குக் காலையில தப்பினதுதான் கணக்கில் இல்லாம போச்சு."

பாஞ்சாலை முந்தானை முடிச்சை அவிழ்த்து, குன்றிமணியை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இன்னிக்கு எங்க? நீங்க கையெழுத்து போட்ட அன்னிக்கே எடுத்து முடிஞ்சிக்கினேன். அஞ்சி வாரமா நீங்க சுத்தி வளைச்சது வெறும் தீப்பெட்டிங்க."