மூன்று கத்தி குத்திய இதயம்

கெட்டது நடக்குமோ என்று எல்லாரும்தான் கவலைப்படுவார்கள். நான் நல்லது நடந்தாலும் கவலைப்படுவேன். நிர்மலா என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்த அன்று எனக்கு வயிற்றுப்போக்கு.

அவள் மண்டபத்துப் பெண், பி.காம். நான் தங்கச்சிமடத்தில் விசைப்படகு இன்ஜின் பிரிக்கிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். நிச்சயம் முடிந்து, மாதா கோயிலில் முதல் ஓலையும் வாசித்தாயிற்று. (கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பேரை வாசித்து, 'தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள்' என்று ஊரையே கேட்பார்கள். என்னைப் போன்றவனை மூன்று வாரம் உயிரோடு வறுப்பதற்கென்றே வைத்த ஏற்பாடு.)

அந்த வாரம் நிர்மலா ஒரு நாள் முழுக்க என் மெசேஜுக்குப் பதில் போடவில்லை. போதாதா? செல்போனில் டாரட் சீட்டு வீடியோ ஒன்றைத் தேடிப் பிடித்தேன். மூன்று சீட்டில் ஒன்றை மனதில் நினைத்தால், நம்மவர் மனதில் இருப்பது தெரியுமாம். நடுச்சீட்டை நினைத்தேன். திருப்பினார்கள். சிவப்பாய் ஓர் இதயம், அதில் குத்திய மூன்று கத்திகள், பின்னால் மேகம், மழை. அர்த்தம் சொல்ல வாயெடுக்கும்போது நெட் நின்றுவிட்டது.

நின்றால் என்ன? எங்கள் வீட்டு வியாகுல மாதா படத்தில் இதயத்தில் ஏழு கத்தி. பிறந்ததிலிருந்து கும்பிடுகிறேன். இதில் மூன்று. (நாலு குறைந்தால் என்ன, சின்ன சைஸ் ஆசீர்வாதம்.) மழை வேறு பெய்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்துகொண்டு மழையைக் கெட்ட சகுனம் என்று எவன் சொல்வான்? சீட்டுப் படத்தை நிர்மலாவுக்கு அனுப்பினேன். கீழே, 'நம்ம கல்யாணத்துக்கு வந்த சீட்டு. என் மனசும் இதேதான்.' ஸ்டேட்டஸிலும் வைத்துவிட்டு விசிலடித்தபடி வேலைக்குப் போனேன்.

ஞாயிறு, இரண்டாம் ஓலை வாசித்துப் பூசை முடிந்ததும் சாமியார் ஆளனுப்பினார். அறையில் நிர்மலா, அவள் அம்மா, இரண்டு தாய்மாமன்கள். சாமியார் கையில் அவள் போன்.

"காதல்ல இந்தச் சீட்டு வந்தா மனமுறிவு, பிரிவு, நடுவுல இன்னொரு ஆளுன்னு அர்த்தமாம். இந்தப் புள்ள தேடிப் படிச்சிருக்கு," என்றார்.

பெரிய மாமா எழுந்தே விட்டார். "ஏலே, ரெண்டு கத்தி நீங்க ரெண்டு பேரு. மூணாவது எவடா?"

"ஐயோ, பிதா, சுதன், பரிசுத்த ஆவி மாமா!"

சின்ன மாமா பழக்கதோஷத்தில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"வியாகுல மாதான்னு நெனச்சேன் சாமி," என்றேன். அழுகை வந்துவிட்டது.

சாமியார் முகத்தைப் பொத்திக்கொண்டார். செபிக்கிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது.

"ரெண்டு நாளா சோறு திங்காமக் கெடந்தேன்," என்றாள் நிர்மலா.

"நீ ஏன் அன்னைக்குப் பதில் போடல?"

"போனு தண்ணியில விழுந்துருச்சு. அரிசி டப்பாக்குள்ள கெடந்துச்சு."

அவள் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்கு இன்னொருத்தியா? ஒருத்தியச் சமாளிக்கவே தெம்பு பத்தாது. நீங்க மூணாவது ஓலையையும் வாசிங்க சாமி."

கல்யாணத்தன்று இதய வடிவக் கேக்கில் மாமன்கள் மூன்று கத்தியைக் குத்தி வைத்திருந்தார்கள். அந்தக் கேக் போட்டோவை நிர்மலா சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டாள். வருகிறவர்களுக்கெல்லாம் கதையும் சொல்வாள்.

போன மாதம் வந்த ஒரு பெரியம்மா, அவள் கதையை ஆரம்பிக்கும் முன்பே மாதாவைத் தொட்டு உதட்டில் ஒற்றி முத்தி செய்துவிட்டு, கேக் படத்தையும் பக்தியோடு முத்தி செய்தார். ஆறு வருடம் கழித்து எனக்கு ஒரு சாட்சி!

அவருக்குக் கண்ணில் புரை என்கிறாள் நிர்மலா.