ரீல் ஒன்பது எந்த சீனுக்கு?

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி வரைக்கும் பின்னணி இசை வைத்துக்கொண்டு வாழ்கிற ஒரே மனிதர் எங்கள் 'ரீரெக்கார்டிங்' அண்ணாத்தேதான். மற்றபடி நாமெல்லாம் ஊமைப்படம். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நிஜப் பெயர் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும், நான் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். வயதான இசையமைப்பாளர் ஒருவர், பாதியில் நின்றுபோன படங்களுக்கும் ஒளிபரப்பே ஆகாத சீரியல்களுக்கும் தான் போட்டு வைத்திருந்த பின்னணி இசையை ஒவ்வொன்றாக இணையத்தில் ஏற்ற ஆரம்பித்தார். 'ரீல் 4', 'ரீல் 6' என்று தலைப்பு மட்டும்தான் இருக்கும். படமே வெளிவராததால் எந்த இசை எந்த சீனுக்கு என்று ஒருத்தருக்கும் தெரியாது. ரசிகர்கள் போனில் ஒரு குரூப் வைத்துக்கொண்டு தினமும் அடித்துக்கொள்வார்கள். "இது கதாநாயகி ரயில் ஏறும் காட்சி" என்பார் ஒருவர். "யோவ், இது பேய் வர்ற சீன்யா" என்பார் இன்னொருவர். இந்தப் பைத்தியக்காரக் கூட்டத்தில் என்னையும் சேர்த்துவிட்டவர் ரீரெக்கார்டிங்.

ஆட்டோவில் பின் சீட்டுக்கு மேல் இரண்டு ஸ்பீக்கர். ஏறுகிற ஆளைப் பார்த்து இசை மாறும். ஒருநாள் கீரைக்கட்டோடு ஒரு அம்மா ஏறினார். டமடமவென்று போர் முரசு.

"இன்னாய்யா இது? கீரை வாங்கினு வந்ததுக்கு இம்மாம் சவுண்டா?"

"எக்கா, நீ நடந்து வந்த ஸ்டைலு அப்டி கீது!"

அதற்குப் பிறகு அந்த அம்மா தலையை நிமிர்த்திக்கொண்டுதான் ஏறுவார்.

டிராபிக் போலீஸ் மறித்தால் ஷெனாய். ஒரு கான்ஸ்டபிள் பாதியிலேயே, "ஆஃப் பண்ணித் தொலைய்யா, எனக்கே அழுகை வருது. போ!" என்று விரட்டிவிட்டார். அதெல்லாம் சரி, தினமும் அதே ஆட்டோவில் ஆபீஸ் போகும் என் கதையைக் கேளுங்கள். "எஸ்டேட் ஸ்டாப் வந்திருச்சு, நிறுத்துங்க" என்பேன். "இரு சார், வயலின் முடியட்டும். நடுவுல எறங்கினா பாவம்" என்பார். வயலின் முடியும்போது ஆட்டோ அடுத்த ஸ்டாப்பில் நிற்கும். வெயிலில் திரும்பி நடப்பேன். மேனேஜரிடம் போய் வயலினால் லேட் என்றா சொல்ல முடியும்?

ரீல் ஒன்பது என்று ஒன்று வந்தது. முதலில் புல்லாங்குழல் மட்டும் தனியாக வாசிக்கும். அப்புறம் வயலின்கள் மெல்ல வந்து சேரும். ரீரெக்கார்டிங் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"அண்ணன் தம்பி சீன் சார் இது. பேச்சுவார்த்தை இல்லாம பிரிஞ்சி போனவங்க. தம்பி வாசல்ல வந்து நிக்கிறான். புல்லாங்குழலு தம்பி, வயலினு அண்ணன்."

சொல்லும்போதே காக்கிச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். குரூப்பில் ஒருவன், "மாமே, அது மழை சீனு" என்று எழுதியதற்குக் கோபித்துக்கொண்டு மூன்று முறை வெளியேறினார். மூன்று முறையும் நான்தான் கெஞ்சிக் கூட்டி வந்தேன்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "உங்களுக்கு அண்ணன் இருக்காரா?"

"கீறாரு, மாங்காட்டுல. பேசி ஆறு வருசம் ஆவுது."

"என்ன சண்டை?"

"அவரு பொண்ணு கல்யாணம். சொந்த சித்தப்பன் நானு. என்னைய மூணாவது பந்தியில ஒக்கார வெச்சாரு சார். வடை தீந்து போச்சு."

சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். அண்ணனுக்கு இதயத்தில் ஆபரேஷன் ஆகி, ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறாராம்.

"போய்ப் பாக்கணும்னு கீது. காலு வரமாட்டேங்குது. ஒண்ணு பண்ணு சார். மியூசிக் போட்டவரையே கேளு. அண்ணன் தம்பி சீனுதான்னு அவரு சொல்லட்டும், போறேன். இல்லன்னா இந்த ஜென்மத்துல போமாட்டேன்."

"அறிவிருக்காய்யா உங்களுக்கு?" என்று கத்தினேன். கத்திவிட்டு, குரூப்புக்குத் தெரியாமல் இசையமைப்பாளருக்குத் தனியாக நானே கேள்வியை எழுதி அனுப்பினேன்.

நான்கு நாள் பதில் இல்லை. நான்கு நாளும் ஆட்டோவில் இசையும் இல்லை. ஏறியவர்களெல்லாம், "இன்னா நைனா, ஒடம்பு சரியில்லியா?" என்று பயந்து விசாரித்தார்கள்.

ஐந்தாம் நாள் காலை, திருமுல்லைவாயிலில் நான் மட்டும் ஏறியிருந்தேன். என் போனில் பதில் வந்து விழுந்தது. 'அது ஒரு காமெடிப் படம். காணாமல் போன தன் ஆட்டை நகைச்சுவை நடிகர் சந்தையில் கண்டுபிடிக்கும் காட்சி. ரசித்ததற்கு நன்றி.'

சத்தியமாகச் சொல்கிறேன், பொய் சொல்லிவிடத்தான் நினைத்தேன். அதற்குள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டார். ஓரம் கட்டி, போனைப் பிடுங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஆடா?"

"ஆடுதான் அண்ணாத்தே. அதனால என்ன..."

நான் சமாதானம் சொல்வதை அவர் கேட்கவே இல்லை. திடீரென்று திரும்பினார்.

"ஏன் சார், ஒரு ஆடு காணாம போயி கெடச்சதுக்கே மனுசன் இம்மாம் உருகிப் போட்டுகீறாரு. எனக்குக் காணாம போனது கூடப் பொறந்தவன் சார்!"

ஆட்டோ அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பியது.

"ஐயா, என் ஆபீஸ்?"

"லீவு சொல்லு சார்!"

பூந்தமல்லி, கரையான்சாவடி, மாங்காடு. வழியெல்லாம் ஒத்திகை. அவர் வாசலில் போய் நிற்க வேண்டும், அண்ணன் கதவைத் திறந்ததும் நான் ரீல் ஒன்பதை அமுக்க வேண்டும். அமுக்கத் தயாராக விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது. லுங்கியும் துண்டுமாக, பாதியாக இளைத்துப்போன ஒரு மனிதர் வந்தார். ரீரெக்கார்டிங் திரும்பாமலேயே, வேண்டாம் என்று எனக்குக் கை காட்டினார்.

அண்ணன் தம்பியைப் பார்த்தார், ஆட்டோவைப் பார்த்தார்.

"வண்டிய ஓரமா வுடுடா. தண்ணி லாரி வர்ற நேரம்."

ஆறு வருஷத்துக்கு அப்புறம் பேசிய பேச்சு இவ்வளவுதான். ரீரெக்கார்டிங் வண்டியை ஓரமாக விட வந்தார். வந்தவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்க, நான் ஒற்றை ஆளாக ஆட்டோவை அவரோடு சேர்த்துத் தள்ளினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"சின்ன வயசுலேர்ந்து இவன் இப்டித்தான் சார்" என்றார் அண்ணன், துண்டால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு. "நீங்க உள்ள வாங்க."

அன்று சாயங்காலம் இணையத்தில் ரீல் ஒன்பதுக்குக் கீழே ரீரெக்கார்டிங் ஒரே வரி எழுதியிருந்தார்: 'சார், ஆடு கெடச்சிருச்சி.'

குரூப்பில் ஒரு வாரம் ரகளை. "ஆடு சீனா? படமே வரலையே, இந்த ஆளு எங்கய்யா போய் பாத்தான்?" என்று ஆளாளுக்கு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.