கட்டத்தில் எழுதிய பெயர்

லக்ஷ்மிபாய் நகர்,
புது தில்லி.
12-2-1984

சிரஞ்சீவி சேஷனுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். நானும் உன் அம்மாவும் சௌக்கியம். தில்லிக் குளிரும் சௌக்கியமாகவே இருக்கிறது. அமெரிக்காவில் நீ வேளா வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

செவ்வாயன்று பேப்பரில் மூன்று வரி வந்தது. சூரியனைச் சுற்றும் ஒரு குட்டிக் கிரகத்துக்கு, அதை ஆராய்ந்த இந்திய விஞ்ஞானியைக் கௌரவித்து, உடன் வேலை செய்கிறவர்கள் 'பூவராகவன்' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். சேஷன் என்ற பேச்சே இல்லை. உழைத்தவன் நீ, மேலே போனது நான். தப்பும் என்னுடையதுதான். நீ விமானம் ஏறுமுன் உனக்காக நான் நிரப்பிய பாஸ்போர்ட் பாரத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கேது அது? காலியாக விட என் குமாஸ்தா புத்தி இடம் கொடுக்கவில்லை. என் பெயரை எழுதிவிட்டேன். அந்த ஊர்க்காரர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து வெளியே தலைகாட்ட முடியவில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பிப் பொடிக் கடைக் கலியன், "சார், உங்க பேர்ல வானத்துல கல்லாமே! சொல்லவே இல்லையே?" என்று கோபித்துக்கொள்கிறான், ஆபீஸ் பியூன், "அச்சா ஸாப், மேலேயும் குவார்ட்டர்ஸ் கிடைச்சாச்சா?" என்று இந்தியில் கேட்டுச் சிரிக்கிறான், மாடி வீட்டு ஜம்புவோ, "அது நம்ம பிளாக் மேல விழுமா மாமா?" என்று மூன்று தடவை விசாரித்துவிட்டு, விழாது என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறான். ஆபீஸில் கூட்டம் போட்டுச் சால்வை போர்த்தினார்கள். "நானில்லை, என் பையன்!" என்று கத்தினேன். "என்ன அடக்கம்!" என்று கைதட்டினார்கள்.

நீ பள்ளிக்கூடத்தில் படிக்கையில் மொட்டைமாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவன் நான். "வானத்தைப் பாத்தா வயிறு ரொம்புமாடா? கிளார்க் பரீட்சைக்குப் படி" என்றேன். அந்த ஆளின் பெயரா அங்கே சுற்றுவது? வெட்கமாக இருக்கிறது, சேஷா. ஆகையால் என் பெயரை நீக்கி உன் பெயரை வைக்கும்படி முறையாக மனு போடு. மூன்று நகல் டைப் செய்து இணைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறாள் அம்மா. நீ நூறு வயது நன்றாக இரு.

இப்படிக்கு,
அப்பா,
பூவராகவன்

பி.கு.: மனுவைக் கிழித்துவிட்டேன். கவரை ஒட்டுமுன் உன் அம்மா படித்துவிட்டு, "வேண்டாம்னா அவன் அப்பவே மாத்தச் சொல்லியிருக்க மாட்டானா? தெரிஞ்சுதான் விட்டு வெச்சிருக்கான்" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. பெயர் இருக்கட்டும். ஒரே ஒரு திருத்தம் மட்டும் கேட்டுப் பார். முன்னால் உன் இனிஷியலைச் சேர்க்கச் சொல். சே. பூவராகவன். ஊரில் எல்லோரும் அப்பா பெயரைத்தான் முன்னால் போட்டுக்கொள்கிறார்கள். நான் என் பிள்ளை பெயரைப் போட்டுக்கொள்கிறேன்.