மதாம் ‘சரி’ சொன்ன மாதங்கள்

சாரம் பகுதியில் எங்கள் தெருப் பெண்கள் ஒரு காலத்தில் ஏழெட்டு மாதம் கையைத் தோளுக்கு மேல் தூக்கவே இல்லை. கோயிலில் கும்பிடும்போதுகூடக் கை மார்போடு நின்றுவிடும். பக்தி குறைந்துவிட்டது என்று சாமி நினைத்திருந்தால் அது சாமியின் தவறு. அக்குளில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது மதாம் தைத்த ஜாக்கெட்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர்தான், ஆனாலும் மதாம் என்றதும் வெள்ளைக்காரப் பெண்மணியை எதிர்பார்க்க வேண்டாம். பக்கத்துக் கருவடிக்குப்பத்தில் பிறந்து, கன்னியாஸ்திரீகள் நடத்திய வகுப்பில் எம்பிராய்டரி கற்று, எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த தமிழ்ப் பெண். பிரெஞ்சில் அவருக்குத் தெரிந்தது ‘மெர்சி’, அதாவது நன்றி, ஒன்றுதான். அதையும் யாருக்கும் சொன்னதாகத் தகவல் இல்லை. வீட்டு முன்னறையில் கடை போட்ட புதிதில் யாரோ ஒருவர் "ஏம்மா டெய்லரு" என்று கூப்பிட, "வெள்ளைக்காரி தச்சா மதாம்னுவீங்க, நான் தச்சா ஏம்மாவா?" என்று கேட்டிருக்கிறார். பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது. காலேஜ் பஸ் ஓட்டும் அவர் கணவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். தெருவுக்கு அவர் மதாம் வீட்டுக்காரர்.

என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். நான் வீட்டிலிருந்து எழுதுகிறவன், அதாவது வேலையில்லாதவன் என்று தெரு முடிவுகட்டிய ஆள். ஆகவே துணியையும் அளவு ஜாக்கெட்டையும் பையில் போட்டுக்கொண்டு மதாம் கடைக்குப் போவது என் இலாகா. உலக இலக்கியம் படித்த மனிதன் கொக்கி முன்பக்கமா பின்பக்கமா என்று தெருவில் நின்று போனில் கேட்பதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. பழகிவிட்டார்கள்.

மதாம் சாதாரண நாளிலேயே சாதாரணமானவர் அல்லர். "வெள்ளிக்கிழமை வாங்க" என்பார். எந்த வெள்ளி என்பது அவருக்கும் கர்த்தருக்கும் மட்டுமே தெரியும். முதுகில் ஜன்னல் வைத்துத் தைக்கச் சொன்ன பெண்ணிடம், "ஜன்னல் வேணும்னா ஆசாரிகிட்ட போ. நான் துணி தைக்கிறவ" என்று பையைத் திருப்பிக் கொடுத்தவர்.

இப்படிப்பட்டவர் கர்ப்பமானார்.

அதன்பின் அவர் மனநிலை முழுவதும் தையலில் இறங்கியது. கோபம் வந்த நாளில் தைத்தது மூச்சு விட முடியாமல் இறுக்கும். அழுத நாளில் தைத்ததில் இரண்டு பேர் குடியிருக்கலாம். என் மனைவி ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போன ஜாக்கெட்டில் இடது கை இறுக்கம், வலது கை தொளதொளப்பு. இடது கை முடிந்து வலது கை தொடங்குவதற்குள் வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டுவிட்டாராம்.

துணி கொடுக்கும் முன் வேவு பார்க்கும் வழக்கம் தெருவில் உண்டானது. "இன்னிக்கு எப்படி இருக்குது?" என்று ஒருத்தி கேட்பாள். "காலைல சிரிச்சிது, இட்லி வெந்ததும் அழுதுது" என்று பக்கத்து வீடு அறிக்கை தரும்.

ஒருநாள் நான் போனபோது மதாம் மெஷின் மேல் தலைவைத்து விம்மிக்கொண்டிருந்தார். பதறிப்போய்க் கேட்டேன்.

"பாபின்ல நூலு தீந்துபோச்சு சார்."

"வேற நூல் இல்லையா?"

"இருக்குது. ஆனா இந்த நூலு தீந்துபோச்சே."

படித்தவன் சும்மா இருக்க முடியுமா? "எல்லாம் ஹார்மோன்தாம்மா" என்றேன். அழுகை சட்டென்று நின்றது.

"உங்களுக்கு அந்த ஹார்மோன் இல்லியா?"

"இல்லை."

"பின்ன எதுக்கு சார் நீங்க போன வாரம் கரண்டு போனதுக்குத் தெருவே கேக்குற மாதிரி கத்துனீங்க?"

பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. அம்மா வீட்டில் சில மாதம் இருக்க வேண்டியவர், பண்டிகை ஆர்டர் இருக்கிறது என்று சீக்கிரமே திரும்பி வந்து கடையைத் திறந்தார். நாங்கள் இடி தாங்கத் தயாராகப் போனோம். இடி விழவில்லை. நான் துணியை நீட்டினேன். "சரிங்க சார்" என்றார். வெள்ளிக்கிழமை என்றார். அந்த வெள்ளிக்கிழமையே கொடுத்தார்.

ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்த என் மனைவி கண்ணாடி முன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தாள். ஒரு நூல் கூடுதல் இல்லை, குறைவில்லை. தெருவே கொண்டாடியது. "புள்ள வந்ததும் பொறுப்பு வந்துடுச்சு பாரு" என்றார்கள். பீரோவில் தூங்கிய துணியெல்லாம் மதாம் மேஜைக்குப் போனது. எல்லாவற்றுக்கும் அவர் சரி சொன்னார். சண்டையில்லாத டெய்லர், சொன்ன தேதியில் தரும் டெய்லர். இப்படியொரு அதிசயத்தைக் கண்டு சந்தேகப்படாமல் மகிழ்ந்தோமே, எங்கள் அறிவை என்னவென்று சொல்வது.

சந்தேகப்பட்டது கணக்கு டீச்சர். ஒரு சாயங்காலம் அவளே கடைக்குப் போய்விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"முதுகுல ஜன்னல் வைக்கணும்னு கேட்டேங்க. ‘சரிக்கா’ன்னுட்டா."

"நல்லதுதானே?"

"என்னா நல்லது? தொட்டில்ல குழந்தை அலறுது, இவ பாட்டுக்குத் தச்சிக்கிட்டே இருக்கா. ‘காது கேக்கலியாடி’ன்னேன். ‘கேக்குதுக்கா, ஆனா யாரு வீட்டுக் குழந்தையோ அழுவுற மாதிரி இருக்குது’ன்னா."

 

மறுநாள் மனைவி கடைக்குப் போய், "டாக்டர்கிட்ட போலாம், கெளம்பு" என்றாள். மதாம் மேஜையைக் காட்டினார். "ஆர்டர் இருக்குதேக்கா."

அவ்வளவுதான். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து துணியைத் திருப்பி எடுக்கத் தொடங்கினார்கள். "எனக்கு அவசரமில்ல மதாம்." "எனக்கும்தான்." வெட்டியும் வெட்டாததுமாக, கை வைத்ததும் வைக்காததுமாக எல்லாம் போயின. எங்கள் வீட்டுத் துணியை நான்தான் சுமந்தேன். கடைசியில் மேஜையில் கத்திரிக்கோல் மட்டும் கிடந்தது. மதாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழுதார். குழந்தை பிறந்த பிறகு அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. என் மனைவி அழாதே என்று சொல்லவில்லை. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்தது மதாம் வீட்டுக்காரர். அவரை வழிக்குக் கொண்டுவரும் பொறுப்பு எனக்கு. மூளை, ரசாயனம், மேல்நாட்டு ஆய்வு என்று நான் பேசப்பேச அவர் முகம் இருண்டது.

"மனசு டாக்டர்னா பைத்தியம்னு பேசுவாங்க சார். மாதா கோயில் பூசைல வேண்டிக்கிட்டா தானா சரியாயிடும்னு எங்கம்மா சொல்லுது."

மனைவி என்னை ஓரமாகத் தள்ளினாள். "தம்பி, பஸ்ஸுல பிரேக் புடிக்கலன்னா ஷெட்டுக்கு விடுவியா, சாமி கும்புட்டுட்டு ஓட்டுவியா?"

அவர் நேர்மையாக யோசித்தார். "ரெண்டும்தாங்க்கா பண்ணுவேன்."

"அப்ப ரெண்டும் பண்ணு."

பண்ணினார். ஒருநாள் காலை மாதா கோயில், பிறகு என் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி. டாக்டரம்மாவின் அறைக்குள் போன மதாம் வெளியே வர நேரமாயிற்று. வந்ததும் என் மனைவியிடம் மெல்லச் சொன்னார்: "தூக்கம் வருதா, பசிக்குதா, பயமா இருக்குதான்னு கேட்டாங்கக்கா. இத்தன நாளு எல்லாரும் பால் இருக்குதான்னு மட்டுந்தான் கேட்டாங்க."

நாங்களும் அதைத்தான் கேட்டிருந்தோம்.

இது பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு வரும் மனச்சோர்வு, வியாதிதான், குணமாகும், பொறுமை வேண்டும் என்றார் டாக்டர். மருந்து கொடுத்தார், வாராவாரம் பேச வரச் சொன்னார், முக்கியமாகத் தூங்க விடச் சொன்னார். தெரு அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டது. மதாம் தூங்கும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முறை வைத்தார்கள். பகலில் சும்மா இருப்பவன் என்ற தகுதியில் எனக்கும் முறை வந்தது. என் எழுத்தைப் பற்றி விமர்சகர்கள் சொல்லத் தயங்கியதை அந்தக் குழந்தை தினமும் என் சட்டையில் வெளிப்படையாகக் கக்கியது.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. நல்ல நாள் வந்தது, அதை அழிக்க இரண்டு கெட்ட நாள் வந்தது. மாத்திரை வேண்டாம் என்றார். மனைவி தண்ணீரோடு போய் நின்றாள். மதாமுக்குப் பிடிவாதம் புதிதல்ல, ஆனால் எதிரில் நின்றது கணக்கு டீச்சர்.

சில மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் என் முறை. முன்னறையில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே மதாம் தூக்கம். குழந்தை சிணுங்கியது. எனக்குத் தெரிந்த ஒரே தாலாட்டாக அரசியல் செய்தியை ராகம் போட்டுச் சொல்லிப் பார்த்தேன். சிணுங்கல் வீறிடலானது.

கதவு படாரென்று திறந்தது. தலை கலைந்து, முகமெல்லாம் பாய்த் தடத்தோடு மதாம் நின்றார்.

"என்னா சார் புடிச்சிருக்கீங்க? மார்க்கெட்டுல மீனு தூக்குற மாதிரி. கழுத்துல கை குடுக்கத் தெரியாதா? எழுதுறவராம் எழுதுறவரு. குடுங்க இங்க. எம் பொண்ணு அது."

கொடுத்தேன். மதாம் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, "அந்தாளு பயமுறுத்திட்டாராடி?" என்று என்னைப் பற்றி அதனிடமே விசாரிக்க ஆரம்பித்தார். குழந்தையும் விக்கி விக்கி ஏதோ புகார் சொல்லிக்கொண்டிருந்தது. இருவரும் என்னை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளட்டும் என்று வாசலோரமாக உட்கார்ந்துவிட்டேன்.